எது தூசி, எது தழும்பு

சாம்பல்தீவில் ஒரு வீட்டு விறாந்தை. கதிரையில் ஆச்சி. அவவின் கையில், நாங்கள் புதிதாகப் பிரின்ட் போட்டுக் கொண்டுபோன படம். பத்துப் பன்னிரண்டு பேர் கரைவலை இழுக்கிற படம் அது. மூலப் படத்தின் பின்பக்கத்தில் நீலப் பேனையால் 1979 என்று எழுதியிருந்தது. 1990இல் இடம்பெயர்ந்தபோது ட்ரங்குப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோன அல்பம். 2004 டிசம்பர் 26இல் அதே பெட்டிக்குள் கடல்தண்ணியில் ஊறின அல்பம். அதிலிருந்து தப்பின நாலைந்து படங்களில் இது ஒன்று. நாங்கள் இரண்டு கிழமை மினக்கெட்டு ஸ்கேன் பண்ணி, புள்ளி, கீறல், கரகரப்பு எல்லாவற்றையும் எடுத்து, வானத்தைத் துடைத்த கண்ணாடி மாதிரி ஆக்கியிருந்தோம். பாராட்டு வரும் என்று காத்துக்கொண்டு நின்றோம்.

ஆச்சி ஒரு முகத்தில் விரலை வைத்தா. "இது ஆர் மக்கள்?"

"உங்கட தம்பிதானே ஆச்சி. இடப்பக்கமிருந்து நாலாவது ஆள் எண்டு நீங்கதானே சொன்னீங்க."

"அவனுக்கு நெத்தியில தழும்பு. சின்னனில தோணி விளிம்பில விழுந்து வெடிச்சது. எங்க அது?"

எங்களிடம் பதில் இல்லை. அந்தத் தம்பி 1990இல் வீட்டை விட்டுப் போனவர், திரும்பி வரவில்லை. இந்தப் படத்தை விட்டால் அவருடைய அடையாள அட்டையின் போட்டோக்கொப்பி ஒன்றுதான் ஆச்சியிடம் இருக்கிறது. அதில் நெற்றி முழுக்க வெள்ளை.

வீட்டுக்கு வந்து முதல் ஸ்கேனைத் திறந்து பார்த்தோம். தழும்பு இருந்தது. 600 டிபிஐ ஸ்கேனில் 5 மில்லிமீற்றர் முகம் ஏறக்குறைய 120 பிக்சல் உயரம். அதில் தழும்பு ஆறே ஆறு பிக்சல். பக்கத்தில் இருக்கிற தோலை விடக் கொஞ்சம்தான் வெளிறல். நாங்கள் ஸ்லைடரை வலப்பக்கம் இழுத்தோம், மென்பொருள் கேட்டதைச் செய்தது. பிழை எங்கட. அசல் கோப்பை அழிக்காமல் வைத்திருந்தது மட்டும்தான் நாங்கள் செய்த ஒரே புத்தியான வேலை.

அந்த ஸ்லைடர் எங்கேயிருந்து வந்தது, எது அழுக்கு என்று அதற்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று தேடத் தொடங்கினோம். இந்தக் கட்டுரை அந்தத் தேடல்தான்.

முதலில் சொல்லிலிருந்தே தொடங்கலாம். படத்தில் இருக்கிற கரகரப்பை மென்பொருள் உலகம் 'நொய்ஸ்' என்கிறது, நாங்கள் இரைச்சல் என்கிறோம். கண்ணால் பார்க்கிற ஒன்றுக்குக் காதின் சொல் ஏன்? தொலைபேசி, ரேடியோப் பொறியியலில் இருந்து வந்த சொல் அது. 1918இல் வால்டர் ஷொட்கி என்ற ஜெர்மன் விஞ்ஞானி, மின்னோட்டத்திலேயே ஒரு ஒழுங்கற்ற துடிப்பு இருக்கிறது, எவ்வளவு நல்ல கருவி செய்தாலும் அது போகாது என்று காட்டினார். யுத்த காலத்தில் சிற்றலையில் பிபிசி தமிழோசை கேட்ட வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. கரகரப்புக்குள் இருந்து ஒரு ஊர்ப் பெயரைப் பிரித்தெடுக்க ரேடியோவோடு காதை ஒட்டிக்கொண்டு இருந்த தலைமுறை அது.

ஆனால் படத்தில் 'இரைச்சல்' என்ற ஒரே பெயருக்குள் மூன்று வேறு சாமான்கள் கிடக்கின்றன. பிலிமில் இருக்கிற வெள்ளித் துகள். டிஜிட்டல் கமராவின் சென்சரில் வருகிற துடிப்பு. படத்துக்கு மேலே பிறகு வந்து சேர்ந்த உப்பு, பூஞ்சணம், தூசி. மூன்றாவது மட்டும்தான் உண்மையில் அழுக்கு. முதலாவது அழுக்கே இல்லை, அதுதான் படம். வெள்ளித் துகள்கள் அடர்ந்து நிற்கிற இடம் கறுப்பு, ஐதாக நிற்கிற இடம் வெளிச்சம். துணியில் நூல் எப்படியோ அப்படி.

படத்தைத் 'துப்பரவாக்கும்' ஆசை கொம்பியூட்டரோடு வந்ததில்லை. மியூனிக்கைச் சேர்ந்த பிரான்ஸ் ஹன்ஃப்ஸ்டெங்ல் என்ற படப்பிடிப்பாளர் 1855 பாரிஸ் கண்காட்சியில், நெகட்டிவிலேயே திருத்தம் செய்த படத்தையும் திருத்தாத படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இன்றைக்கு மென்பொருளில் நாங்கள் பார்க்கிற 'முன் - பின்' காட்சிக்கு அதுவே மூதாதை எனலாம். அதற்குப் பிறகு நூறு வருசத்துக்கு மேல் உலகம் முழுக்க ஸ்டூடியோக்களில் கூர் சீவின பென்சிலோடு ஆக்கள் நெகட்டிவுக்கு மேல் குனிந்திருந்தார்கள். இலங்கையில் 1972இல் தேசிய அடையாள அட்டை வந்தபோது, ஊரில் எத்தனையோ பேர் அதற்காகத்தான் முதல்முதல் ஸ்டூடியோ வாங்கிலில் இருந்தார்கள்.

அந்தப் பென்சில்காரருக்கும் எங்களுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. படத்துக்குரிய ஆள் அவருக்கு முன்னால் வந்து நின்றார். மருவை எடுக்கிறதா விடுகிறதா என்று அவர் கேட்கலாம். கேட்காமல் எடுத்தாலும் காசு கொடுக்க வருகிறவர் சண்டை பிடிக்கலாம். எங்கட ஸ்லைடருக்கு முன்னால் யாரும் வந்து நிற்கவில்லை.

கொம்பியூட்டர் வந்த கதை நிலாவில் தொடங்குகிறது. 1964 ஜூலையில் ரேஞ்சர் 7 விண்கலம் நிலாவில் மோதுவதற்கு முன் அனுப்பிய படங்களை, கலிஃபோர்னியாவின் ஜெட் உந்துகை ஆய்வுகூடத்தில் கொம்பியூட்டரால் திருத்தினார்கள். பிறகு 1970களில் ஜோன் டுக்கி என்ற புள்ளியியலாளரின் 'மீடியன்' முறை படங்களுக்குள் வந்தது. அது சுகமான கணக்கு. சந்தையில் 9 பேரிடம் சூரை மீன் விலை கேட்கிறீர்கள், விலைகளை வரிசைப்படுத்தி நடுவில் நிற்கிறதை எடுக்கிறீர்கள். ஒருத்தர் தாறுமாறாக விலை சொல்லியிருந்தால் அவருடைய சொல் எடுபடாது. படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைக் கேட்டு இதையே செய்தால் உப்பும் மிளகும் தூவின மாதிரி இருக்கிற புள்ளிகள் மறைந்துவிடும். போட்டோஷொப்பில் இருக்கிற மீடியன் வடிகட்டி இன்றைக்கும் இதைத்தான் செய்கிறது. ஆறு பிக்சல் தழும்பு இந்தக் கணக்கில் தாறுமாறாக விலை சொன்னவர். பெரும்பான்மை சொல்வதே உண்மை என்று எடுக்கிற கணக்கில் சிறுபான்மைப் புள்ளிக்கு என்ன நடக்கும் என்று திருகோணமலையில் யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

இந்தக் கணக்குகள் யாருடைய முகத்தை வைத்துப் பரிசோதிக்கப்பட்டன என்பதும் ஒரு வரலாறு. 1973இல் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர்களுக்கு அவசரமாக ஒரு படம் தேவைப்பட்டது. 'பிளேபோய்' சஞ்சிகையின் 1972 நவம்பர் இதழில் வந்த லெனா என்ற சுவீடன் மொடலின் படத்தில் மேல்பகுதியை ஸ்கேன் பண்ணினார்கள். அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு, இரைச்சல் நீக்கத்தைப் பற்றிய கட்டுரைகளில் அந்த வெள்ளைத் தோளும் தொப்பியும் திரும்பத் திரும்ப வந்தன. ஐ.ஈ.ஈ.ஈ. கொம்பியூட்டர் சொசைட்டி 2024 ஏப்ரலில்தான் அந்தப் படத்தை இனி ஏற்கமாட்டோம் என்றது. பிலிம் காலத்தில் கொடக் கம்பனி நிறம் சரிபார்க்க அனுப்பின 'ஷேர்லி' அட்டைகளிலும் வெள்ளைப் பெண்தான். கறுத்த தோலின் விபரம் விழவில்லை என்ற முறைப்பாடு எடுபட்டதே, சொக்கலேட் கம்பனிகளும் மரத் தளபாடக் கம்பனிகளும் தங்கட கபிலச் சாமான்கள் ஒழுங்காக விழவில்லை என்று சொன்ன பிறகுதான் என்று லோர்னா ரொத் என்ற ஆய்வாளர் எழுதியிருக்கிறார்.

இது வெறும் மனத்தாங்கல் இல்லை, இதற்குள் பௌதிகமும் இருக்கிறது. ஒளி துளித்துளியாக வருகிறது. ஒரு பிக்சலில் 10,000 துளி விழுந்தால் இயல்பான ஏற்ற இறக்கம் 100, அதாவது 1 வீதம். 100 துளிதான் விழுந்தால் ஏற்ற இறக்கம் 10, அது 10 வீதம். இருண்ட இடத்தில் இரைச்சலின் பங்கு கூட. இப்போது சாம்பல்தீவுக் கடற்கரையில் மத்தியான வெயிலில் ஒரு படம் எடுங்கள். கமரா மணலையும் வானத்தையும் பார்த்து வெளிச்சத்தைக் குறைக்கும். வெயிலில் கறுத்த எங்கட ஆக்களின் முகம் நிழலுக்குள் போகும். இரைச்சல் கூடிய இடம் முகம் என்று ஆகிவிடும். நீக்கி அதிகமாகத் தேய்க்கிறதும் முகத்தைத்தான். மணல் கூர்மையாக இருக்கும், மனிசர் மெழுகாக இருப்பார்கள்.

போட்டோஷொப் 1990இல் வந்தது. அதற்குள் செருகிப் பாவிக்கும் சின்ன மென்பொருள்களைப் பிளகின் என்றார்கள். 2000களில் டிஜிட்டல் கமரா பெருகியபோது இரைச்சல் நீக்கும் பிளகின்களும் பெருகின: நீட் இமேஜ், நொய்ஸ் நிஞ்சா, டிஃபைன். இதில் டிஃபைனின் கதை எங்களைப் போன்றவர்களுக்குக் கொஞ்சம் முக்கியம். நிக் சொஃப்ட்வெயார் செய்ததை 2012இல் கூகிள் வாங்கியது. 2013இல் முழுத் தொகுப்பும் 149 டொலர். 2016 மார்ச்சில் திடீரென்று இலவசம் என்றார்கள். 2017இல் டிஎக்ஸ்ஓ என்ற பிரெஞ்சுக் கம்பனிக்குக் கைமாறியது. கள்ளக் கொப்பி இல்லாமல் இப்படியொன்றைத் தொட்டுப் பார்க்க மாணவர்களுக்குக் கிடைத்த சின்ன இடைவெளி அது.

அதைத் திறந்தால் வலப்பக்கத்தில் இரண்டு படி: முதலில் 'அள', பிறகு 'குறை'. அளக்கும்போது படத்தில் சமதளமாக, விபரம் இல்லாமல் இருக்கிற இடங்களைத் தானாகத் தேடிச் சின்னச் சின்னப் பெட்டிகளைப் போடும். வெறும் வானம், வெறும் சுவர். அங்கே தெரிகிற துடிப்பே இந்தப் படத்தின் இரைச்சல் என்று கற்றுக்கொள்ளும். நல்ல யோசனைதான். ஆனால் இந்த வகை மென்பொருள் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுவான சிக்கல் உண்டு. கடற்கரைப் படத்தில் 'விபரமில்லாத சமதளம்' எது? மணல். பெட்டி மணலில் விழுந்தால் மணல்தான் இரைச்சல் என்று எழுதப்படும். பிறகு மணல் மாதிரி இருக்கிறதெல்லாம், காயப்போட்ட நெத்தலி, வலைக்கண், மூன்று நாள் தாடி, எல்லாம் குறைய வேண்டியதாகிவிடும். தானியங்கியை விட்டுக் கையால் அளக்கும் வசதியும் அதிலேயே இருக்கிறது. பெட்டியை வானத்தில் நீங்களே போடலாம். இருக்கிற பட்டனை அமத்தாமல் விட்டுவிட்டு மென்பொருளைத் திட்டுகிறதில் நியாயமில்லை.

'குறை' படியில் இரண்டு ஸ்லைடர். ஒன்று நிற இரைச்சலுக்கு. பச்சையும் ஊதாவுமாக மின்னுகிற புள்ளிகளை அது எடுக்கும். கறுப்பு வெள்ளைப் படத்தை நிறத்தில் ஸ்கேன் பண்ணியிருந்தால் இதைப் பயமில்லாமல் கூட்டலாம். மற்றது வெளிச்ச வேறுபாட்டு இரைச்சலுக்கு. சுருக்கம், மரு, தழும்பு, மீசை முளைத்தும் முளைக்காத மேலுதடு எல்லாம் இந்த ஸ்லைடரின் எல்லைக்குள்தான் இருக்கின்றன. ஒரு முகத்தில் மட்டும் புள்ளி ஒன்றை வைத்து, அந்த இடத்துக்கு இந்தக் குறைப்பைப் பூச்சியமாக்கலாம். வானத்தைத் தேய், முகத்தைத் தொடாதே என்று சொல்கிற மாதிரி. நாங்கள் முதல் தடவை படம் முழுக்க ஒரே அளவில் இழுத்தோம். படம் முழுவதும் திரையில் கொள்ளுகிற அளவில் வைத்துப் பார்த்தோம். அந்த அளவில் எல்லாமே வடிவாகத்தான் தெரியும். 100 வீதத்துக்குப் பெருப்பித்துப் பார்த்திருந்தால் ஆறு பிக்சல் போனது கண்ணில் பட்டிருக்கும்.

தேடலில் எங்களுக்குக் கிடைத்த உண்மையான பொக்கிஷம் ஒரு பரிசோதனை. 2005இல் புவாதெஸ், கோல், மொரெல் என்ற மூன்று கணிதவியலாளர்கள் புதிய இரைச்சல் நீக்க முறை ஒன்றை வெளியிட்டார்கள். அதோடு ஒரு கேள்வியையும் வைத்தார்கள்: நீங்கள் எடுத்து எறிந்ததைக் காட்டுங்கள் பார்ப்போம். அசலில் இருந்து திருத்தினதைக் கழித்தால் மிச்சம் வருகிறதுதான் எறிந்தது. அது வெறும் கரகரப்பாக இருந்தால் வேலை சரி. அதில் ஏதாவது உருவம் தெரிந்தால் நீங்கள் இரைச்சலை எடுக்கவில்லை, படத்தை எடுத்திருக்கிறீர்கள். போட்டோஷொப்பிலோ இலவச கிம்பிலோ இதை ஒரு நிமிசத்தில் செய்யலாம். இரண்டு படங்களையும் மேல் கீழ் லேயராக வைத்து, மேல் லேயரை 'வித்தியாசம்' என்ற முறைக்கு மாற்றி, வெளிச்சத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

பார்த்தோம். கறுத்த திரையில் வலையின் கண்கள் வரிசையாகத் தெரிந்தன. கயிற்றின் முறுக்கு. ஒருவருடைய சாரத்தின் கட்டம். நாலாவது ஆளின் நெற்றியில் ஒரு சின்னச் சரிந்த கோடு. குப்பைக்கூடைக்குள் கரைவலையையும் அதை இழுத்தவர்களையும் போட்டிருந்தோம்.

ஆறு பிக்சலுக்கு இவ்வளவு கதையா என்று கேட்கலாம். திருகோணமலையில் இருந்துகொண்டு அப்படிக் கேட்க முடியாது. 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, நகரக் கடற்கரையில் காந்தி சிலைக்குக் கிட்ட 5 மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் வைத்திருந்த கைக்குண்டு வெடித்துத்தான் செத்தார்கள் என்று படைத்தரப்பு முதலில் சொன்னது. 'சுடர் ஒளி' பத்திரிகையின் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்களில் இருந்தவை துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள். அந்தப் படங்கள் வந்த பிறகு கைக்குண்டுக் கதை நிற்கவில்லை. அதே ஜனவரி 24ஆம் திகதி காலை சுகிர்தராஜன் திருகோணமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2019 ஜூலையில், மாணவர் கொலை வழக்கின் சந்தேகநபர்கள் 13 பேரும் போதிய சாட்சியம் இல்லை என்று விடுவிக்கப்பட்டார்கள். ஒரு படத்தில் காயம் என்பதும் பக்கத்துத் தோலை விட வேறு நிறத்தில் நிற்கிற கொஞ்சப் புள்ளிகள்தான்.

அதே 2006 ஓகஸ்டில் பெய்ரூட்டில் குண்டுவீச்சுக்குப் பிறகான புகையைக் கூட்டிக் காட்டிய படமொன்றுக்காக அத்னான் ஹஜ் என்ற படப்பிடிப்பாளரை ரொய்ட்டர்ஸ் விலக்கியது. அவருடைய 920 படங்களையும் விற்பனையில் இருந்து எடுத்தது. அவர் சொன்ன விளக்கம் என்ன தெரியுமா? தூசி அடையாளத்தை எடுக்கப் பார்த்தேன் என்றார். அவரை நம்புகிறதோ இல்லையோ, 'தூசி எடுத்தேன்' என்ற வசனம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அது ஒரு அளவுகோல்.

இப்போது நிலைமை இன்னும் மாறியிருக்கிறது. பழைய நீக்கி இருந்ததை அழித்தது. செயற்கை நுண்ணறிவு இல்லாததை வரைகிறது. 2020இல் மங்கல் முகங்களைத் தெளிவாக்குகிற பல்ஸ் என்ற மென்பொருளுக்குள் ஒபாமாவின் மங்கல் படத்தைப் போட்டபோது ஒரு வெள்ளைக்காரர் வெளியே வந்தார். அதற்குத் தெரிந்த முகங்களில் இருந்து ஒன்றைப் பொருத்தியது, அவ்வளவுதான். லைட்ரூமில் 2023இல் ஒரு பட்டனிலேயே செயற்கை நுண்ணறிவு இரைச்சல் நீக்கம் வந்துவிட்டது. அது முகத்தைப் புதிதாக வரைகிற மென்பொருள் இல்லை, உண்மைதான். ஆனால் போனில் இலவசமாகக் கிடைக்கிற 'பழைய படத்தைப் புதிதாக்கும்' அப்புகளில் பல வரைகின்றன. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கின போராட்டத்தில் இருந்து, வடக்கிலும் எங்கட பக்கத்திலும் தாய்மார் கையில் பிடித்திருக்கிற படங்களை நினைத்துப் பாருங்கள். அடையாள அட்டையில் இருந்து பெருப்பித்தது, கல்யாண வீட்டுக் கூட்டத்தில் இருந்து வெட்டியெடுத்தது. நல்லெண்ணத்தோடு ஒரு பிள்ளை அதை அப்புக்குள் போட்டால், வடிவான ஒரு பொடியன் வருவான். அவன் யாருடைய மகனும் இல்லை.

எங்கட குழுவுக்குள் இப்போது கொஞ்சம் மாற்றி வேலை செய்கிறோம். முதல் ஸ்கேனை யாரும் தொடுகிறதில்லை, அது தனிக் கோப்புறை. திருத்தம் எல்லாம் தனி லேயர். எந்த ஸ்லைடர் எவ்வளவு என்று ஒரு கொப்பியில் எழுதுகிறோம். கழித்துப் பார்க்காமல் ஒன்றையும் வெளியே விடுகிறதில்லை. கண்ணாடியில் ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காமல் கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் பண்ணுகிறோம். 2011 சுனாமிக்குப் பிறகு ஜப்பானின் யமமோட்டோ பக்கம் தொண்டர்கள் ஏறக்குறைய 7,50,000 படங்களைத் தண்ணீரில் கழுவி உரியவர்களைத் தேடினார்கள் என்று வாசித்தபோது, கொஞ்சம் பொறாமையாக இருந்தது. எங்களுக்குக் கிடைக்கிறது ஒரு நேரத்தில் நாலைந்து.

மற்ற மாற்றம், லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு படத்துக்கு உரியவர்களின் வீட்டுக்கே போகிறது. ஆச்சியிடமும் போனோம். பக்கத்தில் இருத்தி, முகம் முகமாகப் பெருப்பித்துக் காட்டினோம். தழும்பை விட்டோம். மூன்றாவது ஆளின் கன்னத்தில் இருந்தது கீறலா மருவா என்று எங்களுக்குத் தெரியவில்லை. மரு என்று அவ சொன்னா, பேரும் சொன்னா, ஆள் இப்ப எந்த ஊரில் என்றும் சொன்னா. ஏழாவது ஆளை அவவுக்கே நினைவில்லை. அந்த முகத்தில் ஒன்றும் செய்யவில்லை.

கீழ் மூலையில், 2004இல் தண்ணி ஏறின அளவுக்கு ஒரு மண்ணிறக் கறை. எங்களுக்கு அதை விட மனம். அதுவும் வரலாறுதானே, வைத்திருப்போம் ஆச்சி என்று கொஞ்சம் உருக்கமாகவே சொன்னோம்.

"அத எடுங்க" எண்டா ஆச்சி. "கடல் வந்தது எனக்குத் தெரியும்தானே. படத்திலயும் கிடக்க வேணுமே?"

எடுத்தோம். கறைக்குக் கீழே யாருடையதோ ஒரு கால் இருந்தது.